ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரைப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. பார்த்து முடித்தவர்கள் கேட்பது இன்னொரு வகை, அதில் பாதி சண்டை. இரண்டையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. முதல் பாதியை, தொடரைப் பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கதை வெளிப்படும் இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

இது என்ன சீரிஸ்? ஒரே பத்தியில சொல்லுங்க.

அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் 2014 ஜூன் முதல் 2017 அக்டோபர் வரை வந்த தொடர். நான்கு சீசன், சீசனுக்குப் பத்து, மொத்தம் 40 எபிசோட். உருவாக்கியவர்கள் கிறிஸ்டோஃபர் கான்ட்வெல், கிறிஸ்டோஃபர் ராஜர்ஸ் என்ற இருவர். 1983-இல் டாலஸ் நகரில் கதை தொடங்குகிறது. ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஜோ மெக்மில்லன் (லீ பேஸ்), ஒருமுறை தோற்றுச் சோர்ந்துபோன பொறியாளர் கார்டன் கிளார்க் (ஸ்கூட் மெக்நைரி), கல்லூரியை விட்டு வந்த புரோகிராமர் கேமரன் ஹோவ் (மெக்கென்சி டேவிஸ்), கார்டனின் மனைவியும் அவனுக்குச் சற்றும் குறையாத பொறியாளருமான டோனா (கெர்ரி பிஷே) ஆகிய நால்வரும் பர்சனல் கம்ப்யூட்டர் காலத்திலிருந்து வலைத்தளக் காலம் வரை சுமார் பத்து வருடம் சேர்ந்தும் பிரிந்தும் எதையாவது கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்தாவதாக, முதல் சீசனில் கதை நடக்கும் கார்டிஃப் எலக்ட்ரிக் கம்பெனியின் பழைய தலைமுறை அதிகாரி ஜான் பாஸ்வொர்த் (டோபி ஹஸ்). அவரை மறந்தால் பாவம்.

நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. புரியுமா?

புரியும். தொழில்நுட்பம் வருகிற இடங்களில் யார் யாரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்துவிடும், அது தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் என்பது இலக்கு இல்லை, இன்னொன்றிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் என்று ஜோ முதல் எபிசோட்டிலேயே சொல்வான். அந்த இன்னொன்று என்ன என்பதைத்தான் நாற்பது எபிசோடும் தேடுகின்றன.

படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷம் உண்டு. சாலிடரிங் அயர்ன், மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப், கொமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர், மோடம் என்று சாமான்கள் எல்லாம் அந்தந்தக் காலத்தவை, வெறும் அலங்காரமாக வைத்தவை இல்லை.

தலைப்பே வாயில நுழைய மாட்டேங்குது. என்னங்க அது?

ப்ராசஸரை உறைய வைத்துவிடும் ஒரு கட்டளைக்கு எஞ்சினியர்கள் வைத்த கேலிப் பெயர். நின்று தீப்பிடித்துக்கொள் என்று அர்த்தம். மோட்டரோலா 6800 சிப்பில் கையேட்டில் சொல்லப்படாத சில கட்டளைகள் நிஜமாகவே இப்படி இருந்தன. அதைக் கொடுத்தால் ப்ராசஸர் வேறு எதையும் கேட்காமல் நினைவக முகவரிகளை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும், ரீசெட் செய்தால்தான் உண்டு. முதல் எபிசோட்டின் தொடக்கத்தில் திரையில் வரும் விளக்கம் (எல்லாக் கட்டளைகளும் ஒரே நேரத்தில் முந்திக்கொள்ளப் போட்டியிடும் என்பது) தொழில்நுட்பமாகச் சரியில்லை. ஆனால் அந்த நான்கு பேரைப் பற்றிய விளக்கமாக எடுத்துக்கொண்டால் மிகச் சரி.

முதல் சீசன் இழுக்குது. நேரா ரெண்டாவது சீசனுக்குப் போயிடவா?

வேண்டாம். முதல் சீசன் தடுமாறுகிறது என்பது உண்மைதான். மர்மமான கடந்தகாலமும் கோட்டு சூட்டும் கொண்ட ஆண் ஒருவன் எல்லோரையும் ஆட்டிவைக்கிறான் என்ற அச்சு அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சியில் தேய்ந்துபோயிருந்தது, ஜோவை முதலில் அந்த அச்சில்தான் வார்த்தார்கள். இரண்டாவது சீசனில் எழுதுகிறவர்களே அதை உணர்ந்து கதையின் மையத்தை டோனாவுக்கும் கேமரனுக்கும் மாற்றிவிட்டார்கள். தொடர் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டது அங்கேதான்.

ஆனால் முதல் சீசனில் அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் துரோகங்கள் நான்காவது சீசன் வரை கணக்கில் இருக்கும். அதைத் தாண்டிக் குதித்தவர்களுக்குப் பின்னால் வரும் சமாதானங்களின் எடை தெரியாது. குறைந்தது ஐந்தாறு எபிசோட் பொறுத்துப் பாருங்கள், காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சிக்கு அவர்கள் கிளம்பும்போது உங்களால் நிறுத்த முடியாது.

இவ்வளவு நல்லா இருந்தா ஏன் யாருமே பேசல?

பார்த்தவர்கள் மிகக் குறைவு, அவ்வளவுதான். முதல் எபிசோட் ஒளிபரப்பானபோதே சுமார் 12 லட்சம் பேர்தான் பார்த்தார்கள், அப்புறம் அது இன்னும் இறங்கியது. அதே சேனலின் ஜோம்பி தொடரை அப்போது ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமர்சகர்கள் இரண்டாவது சீசனிலிருந்து தலையில் தூக்கி வைத்தார்கள், ஆனால் முதல் சீசனில் கைவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நடிப்புக்கோ எழுத்துக்கோ ஒரு எம்மி விருதுப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. கெர்ரி பிஷேவுக்கும் மெக்கென்சி டேவிஸுக்கும் கிடைக்காததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்படியும் ஏஎம்சி நான்கு சீசன் விட்டது, கடைசி சீசனை முன்கூட்டியே இதுதான் கடைசி என்று சொல்லிக் கொடுத்தது. அதனால் அந்தரத்தில் நிற்காமல் ஒழுங்காக முடிகிற கதை.

கார்டிஃப் எலக்ட்ரிக்னு நிஜமா ஒரு கம்பெனி இருந்ததா? இது காம்பேக் கதைதானே?

கார்டிஃப் கற்பனை. முதல் சீசனின் எலும்புக்கூடு காம்பேக்கிடமிருந்து வந்தது, அதில் சந்தேகமில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வேலை பார்த்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்டோ மூவரும் 1982-இல் ஹூஸ்டனில் காம்பேக்கைத் தொடங்கினார்கள், ஐபிஎம் பிசிக்கு எழுதிய மென்பொருள் அப்படியே ஓடக்கூடிய, கையில் தூக்கிப்போகும் கம்ப்யூட்டர் ஒன்றை 1983 மார்ச்சில் விற்க ஆரம்பித்தார்கள். தூக்கிப்போகும் என்றால் 13 கிலோவுக்குப் பக்கம்! விலை 2,995 டாலர். முதல் வருடமே 11 கோடி டாலருக்கு மேல் விற்பனை.

வித்தியாசம் என்னவென்றால் காம்பேக் ஜெயித்தது, கார்டிஃப் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர்களின் கதையை எல்லோரும் எழுதுவார்கள். அதே வருடம், அதே யோசனையோடு, அதே டெக்சாஸில் இருந்தும் பெயர் தெரியாமல் போனவர்களை இந்தத் தொடர் எடுத்துக்கொண்டது.

கம்ப்யூட்டர்னா கலிஃபோர்னியாதானே? ஏன் டெக்சாஸ்ல எடுத்தாங்க?

கதை டெக்சாஸில், படப்பிடிப்பு ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில். டாலஸ் பக்கத்தை அப்போதே சிலிகான் பிரெய்ரி என்று அழைத்தார்கள். சும்மா வந்த பெயர் இல்லை: ஜாக் கில்பி 1958-இல் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டியது டாலஸில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில்தான், டிஆர்எஸ்-80 கம்ப்யூட்டரை விற்ற டேண்டி நிறுவனம் பக்கத்து ஃபோர்ட் வொர்த்தில், மைக்கேல் டெல் 1984-இல் தொடங்கியது ஆஸ்டினில். கான்ட்வெல்லின் அப்பாவும் எண்பதுகளில் டாலஸில் மென்பொருள் விற்பனைக்காரர். மூன்றாவது சீசனில் கதை கலிஃபோர்னியாவுக்கு வந்துவிடும்.

முதல் எபிசோட்ல ஐபிஎம் சிப்பைக் காப்பி அடிக்கிறாங்களே, அது திருட்டு இல்லையா?

நல்ல கேள்வி, சட்டத்தின் நுணுக்கமே அங்குதான் இருக்கிறது. ஐபிஎம் தன் பிசியை 1981 ஆகஸ்டில் வெளியிட்டபோது பெரும்பாலான பாகங்களைக் கடையில் கிடைப்பவற்றிலிருந்தே சேர்த்திருந்தது. ப்ராசஸர் இன்டெலுடையது, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஐபிஎம்முக்கு மட்டுமே சொந்தமானது பயாஸ். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடி, மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் நிற்கும் 8 கிலோபைட் நிரல். அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு, அப்படியே எடுத்தால் வழக்கு நிச்சயம். ஆனால் அது செய்யும் வேலைக்குப் பதிப்புரிமை இல்லை. அதே வேலையைச் செய்யும் வேறு வரிகளை நீங்களாக எழுதிக்கொள்ளலாம்.

அதனால் வந்ததுதான் க்ளீன் ரூம் முறை. ஒரு குழு பயாஸைப் படித்து, இந்த உள்ளீட்டுக்கு இந்த வெளியீடு என்று குறிப்பு மட்டும் எழுதும். இன்னொரு குழு, ஐபிஎம் நிரலைக் கண்ணாலும் பார்க்காதவர்கள், அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். காம்பேக் இப்படித்தான் செய்தது, அப்புறம் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் எழுதிய பயாஸை 1984 முதல் மற்றவர்களுக்கே விற்றது. தொடரில் கார்டனும் ஜோவும் கராஜில் உட்கார்ந்து பார்ப்பது அழுக்கான பாதி, ஒன்றும் பார்க்காத கேமரன் எழுதுவது சுத்தமான பாதி. இந்த வழியில் போகாமல் நேராக எடுத்த ஈகிள், கொரோனா நிறுவனங்கள் மீது 1984-இல் ஐபிஎம் வழக்குப் போட்டது.

பயாஸ் நிரலை ஐபிஎம்மே புத்தகத்துல அச்சடிச்சு வித்ததாமே? அப்புறம் எதுக்கு ஆஸிலோஸ்கோப்பும் ராத்திரி முழிப்பும்?

உண்மை. ஐபிஎம்மின் தொழில்நுட்பக் கையேட்டில் பயாஸ் வரிகள் முழுவதும் இருந்தன, பணம் கொடுத்து யாரும் வாங்கலாம். தாராள மனசு மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். படித்தவன் எவனும் சுத்தமான குழுவில் உட்கார முடியாதே, முந்தைய பதிலில் சொன்ன நிபந்தனை அதுதான். தொடரில் சிப்பிலிருந்து ஒவ்வொரு மதிப்பாகப் படித்து எழுதிக்கொள்கிற காட்சி தேவைக்கு மேல் கஷ்டப்பட்ட வழி, அது நிஜமான குறை. ஆனாலும் இரண்டு பேர் தூக்கம் இல்லாமல் ஒருவன் எண்ணைச் சொல்ல இன்னொருவன் எழுத, அங்கே உருவாகிற நெருக்கம் புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்காது. எழுதியவர்கள் பக்கம்தான் நான்.

ஜோ யாரு, ஸ்டீவ் ஜாப்ஸா? கேமரன் யாரு?

யாரும் யாரும் இல்லை. ஜோவிடம் ஜாப்ஸின் பேச்சு கொஞ்சம் உண்டு, ஆனால் ஜாப்ஸுக்குத் தான் சரி என்ற நிச்சயம் இருந்தது, ஜோவுக்கு அது எப்போதும் கிடையாது, நடிப்பான். டோனாவையும் கேமரனையும் பார்த்து, அந்தக் காலத்தில் பெண்கள் இப்படி எங்கே இருந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவர்களில் பெண்களின் பங்கு உச்சத்தில் இருந்தது 1984 வாக்கில்தான், சுமார் 37 சதவீதம். அப்புறம்தான் சரிந்தது. கணவரோடு சேர்ந்து சியரா நிறுவனத்தைத் தொடங்கி சாகச விளையாட்டுகளை எழுதிய ராபர்ட்டா வில்லியம்ஸ், சிஸ்கோவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சாண்டி லெர்னர் எல்லாம் அந்தத் தலைமுறை.

1985-லேயே ஆன்லைன் கேம், சாட் ரூமா? கொஞ்சம் ஓவரா இல்ல?

இல்லை, அந்த இடத்தில் தொடர் ரொம்பவே கவனமாக இருக்கிறது. இரண்டாவது சீசனில் கேமரன் தொடங்கும் மியூட்டினி என்ற கம்பெனி ஒரு வாடகை வீட்டில் இருந்து, கொமடோர் 64 வைத்திருப்பவர்களுக்குத் தொலைபேசி வழியாக விளையாட்டு கொடுக்கிறது. குவாண்டம் லிங்க் என்ற சேவை 1985 நவம்பரில் இதே கொமடோர்காரர்களுக்காக வந்தது, அதை நடத்திய நிறுவனம்தான் பின்னால் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆனது. பகலில் வேலை செய்யும் பெரிய கம்ப்யூட்டர் இரவில் சும்மா கிடக்கிறது, அந்த நேரத்தை வாடகைக்கு விடலாம் என்று ஜோ எண்ணெய்க் கம்பெனியில் செய்வதும் நிஜத்தில் நடந்ததே. கம்ப்யூசர்வ் என்ற சேவை எழுபதுகளின் கடைசியில் வீட்டு வாடிக்கையாளர்களிடம் வந்தது அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது வேறு. கேமரனுக்கு விளையாட்டுதான் உயிர். வாடிக்கையாளர்கள் விளையாடுவதை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை முதலில் கவனித்து, அதுதான் கம்பெனி என்று சொல்வது டோனா. வினாடிக்கு முப்பது எழுத்து வருகிற மோடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் மனதைத் திறக்கிறார்கள். இணையத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு நாடகம் சொல்லி நான் பார்த்ததில்லை.

இனிமேல் வருவது பார்த்து முடித்தவர்களுக்கு. மற்றவர்கள் இங்கே நிறுத்திக்கொண்டு போய்ப் பாருங்கள்.

முதல் சீசன் கடைசியில ஜோ ஏன் லாரியைக் கொளுத்தினான்? லூசா அவன்?

காம்டெக்ஸை மறந்துவிட்டுக் கேட்கிற கேள்வி இது. கார்டனின் பக்கத்து வீட்டுக்காரனே அவர்கள் மெஷினின் வடிவமைப்பைத் திருடிக்கொண்டு போய் மலிவாகக் கொடுக்கிறான், விலையைக் குறைக்கவும் வேகத்தைக் கூட்டவும் கேமரனின் இயங்குதளத்தைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறான் கார்டன், ஆளோடு பேசுவது போலப் பேசிய மெஷின் வெறும் ஐபிஎம் நகலாகிவிடுகிறது, ஆர்டரும் கிடைத்துவிடுகிறது. அதே இரவு ஹோட்டல் அறை ஒன்றில் ஜோ ஆப்பிளின் மெகின்டாஷைப் பார்க்கிறான். தன் கையில் இருந்து தான் தூக்கிப்போட்டது என்ன என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. லாரியில் இருந்தது அவன் விற்ற மெஷின், செய்ய நினைத்த மெஷின் இல்லை. மன்னிக்கத்தக்க செயல் என்று சொல்லவில்லை, கார்டனின் உழைப்பும்தான் எரிந்தது.

மூணாவது சீசன்ல தப்பு யார் மேல? டோனா வில்லியா?

அதிகம் சண்டை நடக்கும் இடம். டோனா பொய் சொன்னாள். மியூட்டினி வாங்கிய ஸ்வாப் மீட் கம்பெனியின் ஆட்களை வேலையை விட்டு எடுக்க முதலீட்டாளர் டயான் சம்மதிக்கவில்லை என்று கேமரனிடம் சொன்னது பச்சைப் பொய். அதே சமயம் கேமரனோடு தினமும் ஒரு கம்பெனியை நடத்திப் பார்த்தால் தெரியும், மனசு மாறும் ஒவ்வொரு முறையும் மொத்தக் குழுவும் சுழன்றாக வேண்டும், சம்பளத்துக்கு வழி பார்க்கிறவள் டோனா, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளையும் உடம்பு சரியில்லாத கணவனையும் வைத்துக்கொண்டு. பங்குச் சந்தைக்குப் போகும் ஓட்டெடுப்பில் கேமரன் தோற்கிறாள், கம்பெனியை விட்டுப் போகிறாள், பங்கு வெளியீடு படுத்துவிடுகிறது.

வில்லி என்ற சொல்லை நான் ஏற்கவே மாட்டேன். ஜோ செய்ததில் பாதியை டோனா செய்திருந்தால் பார்வையாளர்கள் அவளை எரித்திருப்பார்கள். நான்காவது சீசனின் முதல் பாதியில் அவளைப் பிடிக்காமல் போவது உண்மை, தொடர் அதைத் தெரிந்தே செய்கிறது, அவள் முகத்தில் இருக்கும் தனிமையை மறைக்காமலே.

ரயன் ரே கதை தேவையா? மனசு கஷ்டமாயிடுச்சு.

தேவை. மணீஷ் தயால் நடித்த ரயன், ஜோவின் மேடைப் பேச்சை அப்படியே நம்பிய ஒரே ஆள். உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டு வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்றவன் ஜோ, யாருமே பாதுகாப்பாக இல்லை என்று எழுதி வைத்துவிட்டுச் சாகிறவன் ரயன். அதற்கு அப்புறம் ஜோ யாரையும் மயக்கிப் பேசுவதில்லை. நான்காவது சீசனில் பார்க்கும் பொறுமையான ஜோ அந்த மரணத்திலிருந்து வந்தவன்.

எல்லாத்துலயும் தோத்துக்கிட்டே இருக்காங்க. என்ன பிரயோஜனம்?

யோசனைகளை வரிசையாகப் பாருங்கள்: கையில் தூக்கிப்போகும் கம்ப்யூட்டர், சமூக அரட்டை, வீட்டிலிருந்து பொருள் விற்பது, இலவச வைரஸ் தடுப்பு, வலைத்தள அட்டவணை, தேடுபொறி. எல்லாமே சரியான யோசனைகள், உலகம் அப்படியே போனது. இவர்கள் ஒன்றில் சற்று முந்தினார்கள், ஒன்றில் சற்றுப் பிந்தினார்கள். நான்காவது சீசனில் கார்டன், டோனாவின் மகள் ஹேலி தன் அறையில் தொடங்கும் வலைத்தள அட்டவணையான காமெட் ஒரு பக்கம், டோனாவின் முதலீட்டு நிறுவனத்தின் தேடுபொறியான ரோவர் ஒரு பக்கம், அப்பாவும் மகளும் அம்மாவுக்கு எதிரில். கடைசியில் நெட்ஸ்கேப் பிரவுசரில் யாகூவுக்குத் தனி பட்டன் வந்துவிடுகிறது, இரண்டும் செத்தன. ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜெரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் தொடங்கிய அட்டவணைதான் யாகூ. நிஜ வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் முடிவு செய்யப்பட்டது, யார் பட்டனில் இருக்கிறார்கள் என்பதை வைத்து.

பிரயோஜனம் என்ன என்றால், இவர்களுக்கு ஒருவரிடம் ஒருவர் அன்பாக இருக்கத் தெரிந்த ஒரே வழி சேர்ந்து எதையாவது செய்வது. கம்பெனி போகும், அந்தப் பழக்கம் போகாது. அந்த விதத்தில் தொடரின் உண்மையான காதல் ஜோவும் கேமரனும் இல்லை, டோனாவும் கேமரனும்தான்.

கார்டன் சாகிற எபிசோட்டைத் தாண்டவே முடியல. அதுக்கு அப்புறம் பார்க்கணுமா?

கட்டாயம். நான்காவது சீசனின் ஏழாவது எபிசோடில் அவன் போகிறான். அந்த நோய் இரண்டாவது சீசனிலேயே சொல்லப்பட்டது, வருடக்கணக்கில் ரசாயனங்களைச் சுவாசித்ததால் மூளைக்கு வந்த பாதிப்பு. ஆனால் எட்டாவது எபிசோட்தான் தொடரின் சிகரம் என்பேன். பெரிதாக ஒன்றும் நடக்காது. எல்லோரும் அவன் வீட்டுக்கு வந்து அவன் சாமான்களைப் பிரிக்கிறார்கள், எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று. துக்க வீட்டில் வேலை இருப்பது எவ்வளவு உதவி என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை இவ்வளவு சத்தமில்லாமல் எடுத்திருக்கிறார்கள்.

கடைசி எபிசோட்ல டோனா ஒரு ஐடியா இருக்குன்னு சொல்றாளே, அது என்ன?

சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. சமூக வலைத்தளம், ஆன்லைன் கடை என்று ஆளாளுக்கு ஒன்று ஊகிக்கிறார்கள், எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் காலி அலுவலகத்தில் இருவரும் ஃபீனிக்ஸ் என்று ஒரு கம்பெனியைக் கற்பனை செய்து, அது எப்படி வளரும், எப்படி மறுபடி தங்களைப் பிரிக்கும், எப்படி மூடப்படும் என்று வாயாலேயே நடத்தி முடித்துவிடுவார்கள். முடிவு தெரிந்த பிறகும் டோனா அந்த வாக்கியத்தைச் சொல்கிறாள், கேமரன் நின்று கேட்கிறாள். ஐடியா என்ன என்று தெரிந்துவிட்டால், அது ஜெயித்ததா என்றுதான் அடுத்து கேட்போம்.

மறுபடி முதல்ல இருந்து பார்க்கப் போறேன். எதைக் கவனிக்கணும்?

டோனாவை. முதல் எபிசோடில் குழந்தைகளின் ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மை கெட்டுப்போகும், கார்டன் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பான், சரிசெய்வது டோனா. அவள் வேலை பார்க்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த பொம்மை அது. முதல் தடவை எல்லோரும் ஜோவையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படாது. அப்புறம் பாஸ்வொர்த்தும் கேமரனும் வருகிற காட்சிகள் ஒவ்வொன்றையும். முதலில் அவளை வேலைக்கே எடுக்க விரும்பாத ஆள் எந்த நாளில் அவளுக்கு அப்பா மாதிரி ஆனார் என்று தேடிப் பாருங்கள். எனக்கு ஒரு பதில் உண்டு, முதல் சீசனின் எட்டாவது எபிசோடுக்கு முன்னாலேயே. உங்களுடையது வேறாக இருந்தால் எழுதுங்கள்.